துறவியர் அறிவும் இல்லற வாழ்வும்

யாழ்ப்பாண நகரின் கிழக்குப் புறத்தே, கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் ஊர் அரியாலை. தெற்கே கடல்நீரேரி, இடையிடையே வயல், எங்கு நோக்கினும் பனை. விடியற்காலையில் கோயில் மணி ஒலிக்கும். தேவாலய மணியோசையும் காற்றில் மிதந்து வரும். அதே வேளையில் வீடுகளில் அடுப்பு மூட்டப்படும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். கந்தோருக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட வேண்டும். முற்றம் கூட்ட வேண்டும். நோயுற்ற முதியவருக்கு மருந்து கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் இறைவனை நினைப்பதற்கு நேரம் ஏது என்ற கேள்வி, மணியோசை கேட்கும் கிறித்தவக் குடும்பத் தலைவியின் உள்ளத்தில் எழுவது இயல்பே. செபமும் தியானமும் மடத்தில் இருப்பவர்களுக்கு உரியவை. வீட்டில் இருப்பவர்களுக்கு ஞாயிறு வழிபாடு ஒன்றே போதும் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவும் கூடும்.

இந்த எண்ணம் சரியானதுதானா? துறவியர் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகப் பயின்று கண்ட அறிவில் இல்லறத்தாருக்குப் பங்கு இல்லையா? இதற்கு விடை காண, அந்த அறிவு பிறந்த இடத்திற்கே முதலில் செல்லுதல் வேண்டும்.

கிறித்தவத் துறவு ஒரு பெரும் இயக்கமாக வளர்ந்தது எகிப்து நாட்டுப் பாலைவனத்தில். வனத்து அந்தோனியார் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் அடிகள் ஏறத்தாழ கி.பி. 251 முதல் 356 வரை வாழ்ந்தவர். அவரைப் பற்றி வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. பாலைவனத்தில் தனித்திருந்த அவருடைய மனம் ஒருகாலத்தில் சோர்ந்து போயிற்று, எண்ணங்கள் அலைத்தன, செபம் வரவில்லை. செய்வது அறியாது வெளியே வந்தபோது, தம்மைப் போலவே ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டார். அவர் சிறிது நேரம் வேலை செய்தார், எழுந்து செபித்தார், மீண்டும் அமர்ந்து பேரீச்சை ஓலையாலே கயிறு பின்னினார், மறுபடியும் எழுந்து செபித்தார். இவ்வாறு செய்தாலே போதும் என்பதே அந்தக் காட்சி அந்தோனியாருக்கு உணர்த்திய பாடம்.

ஓலை பின்னுதல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய செய்தி அன்று. கடகமும் பெட்டியும் பாயும் பின்னிய பாட்டிமார் இங்கே வீடுதோறும் இருந்தனர். கை பின்னிக்கொண்டிருக்க, வாய் ஏதேனும் ஒரு செபத்தையோ தேவாரத்தையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அவர்கள் எகிப்தைப் பற்றிக் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். ஆயினும் அந்தோனியார் கற்ற பாடத்தை அவர்களும் கற்றிருந்தனர். கையின் வேலையும் உள்ளத்தின் செபமும் ஒன்றற்கொன்று பகை அல்ல. ஒன்றை ஒன்று தாங்குவன என்பதே அப்பாடம்.

அந்தோனியாரைப் பற்றிய மற்றொரு வரலாறு இதனினும் வியப்பானது. துறவில் அவருக்கு நிகரானவன் ஒருவன் நகரத்தில் இருக்கின்றான் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டதாம். அவன் துறவி அல்லன், தொழிலால் வைத்தியன். தன் தேவைக்கு மேற்பட்டதை எளியவர்களுக்குக் கொடுத்தான். நாள்தோறும் இறைவனைத் துதித்துப் பாடினான். அவன் செய்தது அவ்வளவே. பாலைவனத் துறவியரே இந்த வரலாற்றைப் போற்றிக் காத்துத் தம் மாணாக்கருக்குச் சொல்லிவந்தனர் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. துறவாடையே ஒருவரை உயர்த்திவிடும் என்ற செருக்கை அவர்கள் தாமே அறுத்தனர்.

பாலைவனத்தில் முளைத்த இந்த அறிவை ஒரு குடும்பத்தின் ஒழுங்காக வகுத்தவர் இத்தாலி நாட்டின் ஆசீர்வாதப்பர். ஏறத்தாழ 480 முதல் 547 வரை வாழ்ந்த அவர், மடத்து வாழ்வுக்கென எழுதிய ஒழுங்கு நூல் எழுபத்துமூன்று அதிகாரங்களை உடையது. அந்நூலில் பெரிய தத்துவ விசாரணைகள் மிகுதியாக இல்லை. எப்பொழுது எழுவது, எப்பொழுது செபிப்பது, எவ்வளவு உண்பது, யார் சமைப்பது, விருந்தினரை எவ்வாறு ஏற்பது, முதியோரையும் பிள்ளைகளையும் எவ்வாறு பேணுவது என்பனவே அதில் பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஒரு வீட்டை நடத்துகிறவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்விகளும் இவையே அல்லவா?

இந்த மரபு தமிழர் வாழும் நிலங்களுக்கு அந்நியமாகவே இருந்துவிடவில்லை. வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழரும் பொரஸ்டர் பேற்றன் என்னும் ஸ்கொத்லாந்தியரும் கூடிக் கிறிஸ்துகுல ஆச்சிரமத்தை நிறுவினர். யாழ்ப்பாணத்தில், வசாவிளானை அடுத்த தோலகட்டியிலே, 1928ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், உழைப்பு, தவம், இரவும் பகலும் முறைவைத்து இடையறாது நடைபெறும் செபம் என்பன அச்சபையின் தூண்கள். சாதி வேற்றுமை வேரூன்றியிருந்த காலத்திலே, அவ்வேற்றுமை பாராது சகோதரர்களைச் சேர்த்துக்கொண்ட சபை அது. அத்துறவியரின் திராட்சைத் தோட்டமும், அவர்கள் ஆக்கிய நெல்லிரசமும் குடாநாடு முழுவதும் பெயர் பெற்றன. தோலகட்டி என்றதும் நெல்லிரசத்தை நினைப்பவர் பலர். அந்தப் போத்தலின் பின்னால் மௌனமாக உழைத்த கைகளை நினைப்பவர் சிலரே.

அதன் பின்னர், 1939ஆம் ஆண்டு, சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடத்தில் சேவக் செல்வரத்தினம் அவர்கள் கிறிஸ்த சேவ ஆச்சிரமத்தை நிறுவினார்கள். காவிரிக் கரையில் குளித்தலைக்கு அண்மையில் 1950ஆம் ஆண்டு தோன்றிய சாந்திவனம், பிற்காலத்தில் ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் கமால்தோலித் துறவியரின் குடும்பத்தோடு இணைந்தது. ஆசீர்வாதப்பர் மரபிலே இல்லறத்தாருக்கும் ஓர் இடம் உண்டு. வீட்டையும் தொழிலையும் விடாமல், தம் நிலைக்கு இயன்ற அளவில் மடத்தின் ஒழுங்கைப் பின்பற்றுவதாக வாக்களித்து, ஒரு மடத்தோடு தம்மை இணைத்துக்கொள்வோர் உலகெங்கும் இருக்கின்றனர்.

இனி, அந்த அறிவு வீட்டினுள் எவ்வாறு நுழையும் என்பதை ஒவ்வொன்றாகக் காணலாம்.

முதலாவது, நேரம். மடத்தில் மணி அடித்தவுடன் கையில் உள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டுச் செபத்திற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசீர்வாதப்பரின் விதி. பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் துறவியர் கூடிச் செபிப்பர். இல்லறத்தாருக்கு அது இயலாது; இயல வேண்டுவதும் இல்லை. ஆயினும், நாளின் சில முனைகளை இறைவனுக்கென ஒதுக்கிவைப்பது எவருக்கும் இயலும். எழுந்தவுடன் ஒரு கணம். நண்பகலில் ஒரு கணம். விளக்கேற்றும் வேளையில் ஒரு கணம். உறங்குமுன் ஒரு கணம். நீளமான செபம் என்றோ ஒருநாள் நடப்பதைக் காட்டிலும், குறுகிய செபம் குறித்த நேரத்தில் நாள்தோறும் நடப்பது வலிமை உடையது. துலா மிதித்து நீர் இறைத்த காலத்துக் கமக்காரர் இதனை நன்கு அறிவர். ஒருநாள் வெள்ளமாகப் பாய்ச்சிவிட்டுப் பத்து நாள் விட்டால் பயிர் நில்லாது.

இரண்டாவது, வேலை. சோம்பல் ஆன்மாவுக்குப் பகை என்று கருதிய ஆசீர்வாதப்பர், கைத்தொழிலைச் செபத்தோடு ஒருங்கு வைத்தார். மடத்துப் பண்டகசாலையைக் காப்பவர், அங்குள்ள பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்துப் புனித பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்று பணித்தார். பூசைக் கிண்ணமும் மண்வெட்டியும் ஒரே மதிப்பிற்கு உரியன என்றால், குசினிச் சட்டியும் அவ்வாறே. பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் சமையற் பணி செய்து, 1691ஆம் ஆண்டு காலமான லோரன்ஸ் என்னும் சகோதரர், அடுப்படியிலே நிற்கும்போதும் ஆலயத்திலே முழந்தாளிடும்போதும் ஒரே இறைவனின் முன்னிலையில் இருப்பதாக உணர்ந்து வாழ்ந்தார். அவர் பெரிய கல்விமான் அல்லர். எனினும் அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் இன்றும் பல மொழிகளிலே படிக்கப்படுகின்றன.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. ஆசீர்வாதப்பரின் மடத்தில் சமையற் பணி ஒருவருக்கே உரியதாக விடப்படவில்லை. சகோதரர்கள் வாரம் ஒருவராக முறைவைத்துச் சமைத்துப் பரிமாறினர். நோயாளரும் இன்றியமையாத வேறு பொறுப்பு உடையவரும் மட்டுமே அதற்கு விலக்குப் பெற்றனர். வாரம் முடிந்து செல்பவரும் புதிதாக ஏற்பவரும் எல்லாருடைய பாதங்களையும் கழுவினர். பாத்திரங்கள் துப்புரவாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. நம் வீடுகளிலோ அடுப்படி தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே எழுதிவைத்த இடமாக இருந்துவருகிறது. துறவியரின் அறிவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவர விரும்பும் குடும்பத் தலைவர், தியான நூல் ஒன்றை வாங்குமுன், உண்ட கோப்பையைத் தாமே கழுவிவைக்கலாம். தாய்க்குச் செபிக்க நேரம் இல்லை என்னும் குறைக்கு விடை பலவேளைகளில் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, நாவடக்கம். பாலைவனத்து மக்காரியார் என்னும் முதுபெருந் துறவியைப் பற்றிய வரலாறு இது. நகரத்தில் வாழும் இரு பெண்களின் நிலையை அவர் இன்னும் எட்டவில்லை என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. அவர் தேடிச் சென்று, அவர்களுடைய தவம் யாது என்று வினவினார். அவர்கள் இருவரும் அண்ணன் தம்பியரை மணந்த ஓரகத்திகள். பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும், ஒருவரை ஒருவர் கடிந்து ஒரு சொல்லும் சொன்னதில்லையாம். கூட்டுக் குடும்பத்தை அறிந்த எவரும் இதன் அருமையை உணர்வர். பாலைவனத்து வெயிலையும் பசியையும் தாங்குவதிலும் இது கடினமான தவமாக இருத்தல் கூடும்.

யாழ்ப்பாணத்து ஊர்களிலே வேலி நகர்ந்தது பற்றியும், காணிப் பங்கு பற்றியும், சீதனம் பற்றியும் எழுந்த பிணக்குகள் எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கின்றன! உடன்பிறந்தோர் இருவர் ஒரே ஆலயத்திற்குச் சென்று, ஒரே கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி, வாசலிலே ஒருவர் முகத்தை ஒருவர் பாராது திரும்புவது உண்டு. இத்தகைய முள் மடத்திலும் முளைக்கும் என்பதை ஆசீர்வாதப்பர் நன்கு அறிந்திருந்தார். ஆதலின் காலையிலும் மாலையிலும் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தலைவர் எல்லாரும் கேட்க உரத்துச் சொல்ல வேண்டும் என்று விதித்தார். பிறர் குற்றத்தைப் பொறுப்பதாக நாள்தோறும் இருமுறை வாக்களிப்பவர்கள், அந்த வாக்கினாலே தம் உள்ளத்து முள்ளைக் களைந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கருத்து. மௌனம் என்பது வாயை மூடிக்கொண்டு பகையை உள்ளே வளர்ப்பதன்று. சொல்லத்தகாத சொல் நாவுக்கு வருமுன் அதனை நிறுத்தும் ஆற்றலே மௌனம்.

நான்காவது, வாசிப்பு. துறவியர் வேதநூலை விரைந்து படித்து முடிப்பதில்லை. சிறு பகுதியை எடுத்து, வாய்விட்டு மெல்லப் படித்து, அதனையே நாள் முழுவதும் அசைபோடுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கீகோ என்னும் துறவி இதனை நான்கு படிகளாக வகுத்தார். படித்தல் முதற்படி, சிந்தித்தல் இரண்டாவது, செபித்தல் மூன்றாவது, இறைவனிலே அமைந்திருத்தல் நான்காவது. யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே புராணபடனம் கேட்டவர்களுக்கு இம்முறை விளங்காமற் போகாது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கேட்போர் ஒரு செய்யுளிலேயே நெடுநேரம் தங்குவர். நூலைக் கடந்து ஓடாமல் நூலிலே தங்குதல் என்னும் இப்பயிற்சி, இக்காலத்திலே முன்னிலும் இன்றியமையாதது. கைத்தொலைபேசியிலே நூறு செய்திகளை விரலால் தள்ளிச் செல்லும் கண், ஒரு வசனத்திலே ஐந்து நிமிடம் நிற்கப் பழகுவது பெரிய தவமே ஆகும்.

ஐந்தாவது, விருந்து. வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்றும், ஏழைகளையும் வழிப்போக்கரையும் தனிக் கவனத்தோடு பேண வேண்டும் என்றும் ஆசீர்வாதப்பர் பணித்தார். செல்வருக்கு மதிப்புத் தாமே வந்துவிடும் என்பதை அவர் அறிவார். விருந்தோம்பல் தமிழர்க்குப் பழகிய அறந்தான். ஆனால், படலையைத் திறந்து உள்ளே அழைப்பது யாரை, திண்ணையோடு நிறுத்துவது யாரை என்ற வேறுபாடும் இங்கே பழகியதே. துறவியரின் அறிவு இல்லத்தினுள் மெய்யாகவே நுழைந்தது என்பதற்கு அந்தப் படலையே சாட்சி சொல்லும்.

இவற்றையெல்லாம் கேட்ட ஒருவர், இது இல்லறத்தாரைத் துறவிகளாக்கும் முயற்சி என்று கருதலாம். அது தவறு. பிரான்சிஸ் சலேசியார் 1609ஆம் ஆண்டு இல்லறத்தாருக்கென்றே பக்தி நூலொன்றை வெளியிட்டார். ஆயருக்கு உரிய பக்தி வேறு, குடும்பத்தாருக்கு உரிய பக்தி வேறு, தொழிலாளிக்கு உரிய பக்தி வேறு என்றும், தம் கடமையைக் கெடுக்கும் பக்தி உண்மைப் பக்தி அன்று என்றும் அதில் அவர் விளக்கினார். அழுகின்ற குழந்தையை விட்டுவிட்டுச் செபத்தில் இருக்கும் தாய், செபத்தை விட்டவளே ஆவாள். நள்ளிரவில் எழுந்து குழந்தையைத் தேற்றுபவளுக்கு அதுவே இராச்செபம். திருவள்ளுவரும் அறத்துப்பாலில் இல்லறவியலை முன்வைத்துத் துறவறவியலைப் பின்வைத்தார். இல்லறம் துறவுக்குக் குறைந்த படி என்று அதனால் பொருள் கொள்ள வேண்டுவதில்லை.

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மடத்து வாழ்வின் அடிப்படை நிலைபேறு. ஒரே இடத்தில், ஒரே குடும்பத்தோடு, இறுதிவரை இருப்பேன் என்பது ஆசீர்வாதப்பர் வழித் துறவியின் வாக்கு. தன் அறையிலே அமர்ந்திருந்தால் அந்த அறையே எல்லாவற்றையும் கற்பிக்கும் என்பது பாலைவனத்து முதியோரின் துணிபு. ஆனால், இருந்த அறையே போய்விட்டால் என் செய்வது?

இக்கேள்வி யாழ்ப்பாணத்தாருக்கு வெறும் நூற்கேள்வி அன்று. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறியபோது, தோலகட்டித் துறவியரும் தம் ஆச்சிரமத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள், குடாநாட்டின் மேற்குப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் புறப்பட்டு, கொட்டும் மழையில், அரியாலையைக் கடந்து நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சி நோக்கி நடந்தனர். பூட்டிய கதவின் திறப்பு மடியில் இருந்தது, வீடு இல்லை. மரநிழல்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் ஆலய முன்றில்களிலும் மக்கள் நெருக்கியடித்துத் தங்கினர். தனியறை என்பதற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

அத்தகைய நாளிலே எஞ்சுவது எது? சுவர் எஞ்சாது, பலிபீடம் எஞ்சாது, தோட்டம் எஞ்சாது. பழகிய ஒழுங்கு மட்டும் எஞ்சும். விளக்கேற்றும் வேளை வந்தவுடன், விளக்கு இல்லாவிடினும், செபத்தைத் தொடங்கும் நா எஞ்சும். இருக்கின்ற ஒரு பாணை அயலாரோடு பகிரும் கை எஞ்சும். பொறுமை இழக்கும் வேளையில் ஒரு சொல்லை விழுங்கிக்கொள்ளும் ஆற்றல் எஞ்சும். தோலகட்டித் துறவியர் இடத்தை இழந்தும் செபமாலையை இழக்கவில்லை. அது தோட்டத்தைப் போல நிலத்தில் வேரூன்றியதன்று, கையிலே கொண்டு செல்லத்தக்கது. நிலைபேறு என்பது மண்ணிலே தொடங்கினும், முடிவிலே உள்ளத்திலே நிற்பது என்பதை அந்த ஆண்டுகள் இந்நாட்டாருக்கு மிகுந்த விலைக்குக் கற்பித்தன.

இன்று அரியாலையில் எத்தனையோ வீடுகளில் முதியவர் இருவரோ ஒருவரோ மட்டும் இருக்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். பாலைவனத் துறவியர் நண்பகற் பேய் என்று அழைத்த சோர்வு, பொழுது நகராத அந்தத் தனிமையிலே வந்து குந்திக்கொள்ளும். 399ஆம் ஆண்டு காலமான எவாகிரியூஸ் என்னும் துறவி இச்சோர்வைக் கூர்ந்து ஆராய்ந்தார். சூரியன் அசையவில்லை என்று தோன்றும்; இருக்கும் இடம் கசக்கும்; யாரேனும் வருவார்களா என்று கண் வாசலையே பார்க்கும் என்று அவர் அதன் குறிகளை விளக்கினார். அதற்கு மருந்து, இருக்கும் இடத்தை விட்டு ஓடாமல், வேலையும் செபமும் மாறி மாறி வரும் சிறு ஒழுங்கைக் கைவிடாதிருத்தலே. தனித்திருக்கும் முதியவரும் தொலைவில் இருக்கும் பிள்ளையும், நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, நாளில் ஒரு முறை ஒரே செபத்தைச் சொல்வதென்று உறுதி செய்துகொண்டால், கடல் கடந்தும் அது ஒரு குடும்பத்தின் செபமேயாகும்.

தொடங்க விரும்புவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குதல் வேண்டா. ஒரு தாளிலே மூன்று வரி எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தாலும் போதும்: செபத்திற்கு ஒரு நேரம்; வீட்டு வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு; உறங்குமுன் அன்றைய பிணக்குக்கு ஒரு முடிவு. சில நாளில் அது தவறும். தவறிய நாளுக்காக வருந்திக்கொண்டிருப்பதிலும், மறுநாள் மீண்டும் தொடங்குவதே துறவியர் காட்டிய வழி. அந்தோனியார் கண்ட காட்சியிலே அமர்ந்திருந்தவரும் அதனைத்தான் செய்தார். கயிற்றைப் பின்னினார், எழுந்தார், செபித்தார், மீண்டும் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்தே பின்னத் தொடங்கினார்.